பழைய ஐ5 சிஸ்டத்துக்கு ரேம் ஏற்றினால் கல்யாண வீடியோ எடிட்டிங் ஓடுமா?

மன்னை வீடியோ

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடியில் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வீட்டுக்காரர் கேமராவோடு மண்டபத்துக்குப் போவார். மெமரி கார்டு வீட்டுக்கு வந்த பிறகு மீதி எல்லாம் என் தலையில்.

சிஸ்டம் 2014இல் அசெம்பிள் செய்தது. ஐ5 4590 பிராசசர், எச்81 சிப்செட் போர்டு, 4 ஜிபி ரேம் இரண்டு, 750 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு (2 ஜிபி), விண்டோஸ் 10. சி டிரைவ் 120 ஜிபி எஸ்எஸ்டி. ஃபுட்டேஜ் எல்லாம் 2 டிபி ஹார்ட் டிஸ்கில். பிரீமியர் புரோ 2020 என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்கிறேன்.

முன்பெல்லாம் இதில் ஒரு குறையும் இல்லை. ஃபுல் எச்டி ஃபுட்டேஜ், முகூர்த்தம், நலங்கு, ரிசப்ஷன் என்று வரிசையாக வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பென்டிரைவில் கொடுத்துவிடலாம். இப்போது கேட்பது வேறு. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஃபோனில் 4கேயில் எடுத்ததை எல்லாம் அனுப்பி "இதையும் சேர்த்துடுங்க அக்கா" என்கிறார்கள். ஹைலைட்ஸ் முடிவில் கேண்டிட் போட்டோ நூறு, நூற்றைம்பது, மெதுவாக ஜூம் ஆகி வர வேண்டும். போட்டோகிராஃபர் தருவது 24 மெகாபிக்சல் ஜேபெக்.

இரண்டு தொல்லை. ஃபோன் கிளிப் வந்த இடத்தில் டைம்லைன் ஒரேயடியாக ஜெர்க் அடிக்கிறது, குரல் ஓடுகிறது, படம் நிற்கிறது. இன்னொன்று, எடிட் முடித்ததை ஒரே வீடியோ ஃபைலாக்கும் ரெண்டர் முக்கால்வாசி போனதும் பிரீமியர் தானாகவே மூடிக்கொள்கிறது. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் வெறும் டெஸ்க்டாப்தான் தெரியும்.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். கேபினெட்டைத் திறக்கவே இல்லை. "இதெல்லாம் இனிமே வேலைக்கு ஆகாதும்மா, புதுசுதான்" என்று 60,000க்கு ஒரு கொட்டேஷன் எழுதிக் கொடுத்துவிட்டார். என்னிடம் இருப்பது 5,000. ஆடி முடிந்தால் ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன, அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

ஆன்லைனில் டிடிஆர்3 16 ஜிபி ஒரே ரேமாக, விலையும் மலிவாக ஒன்று பார்த்தேன். அதில் இரண்டு வாங்கிப் போட்டால் 32 ஜிபி ஆகிவிடும் இல்லையா? வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிக்சல் பாண்டி

அக்கா, கடைக்காரர் சொன்ன விதம்தான் தப்பு, சொன்ன விஷயம் சரி. 4ஆம் தலைமுறை பிராசசருக்கு விண்டோஸ் 11 கிடையாது. குறைந்தது 8ஆம் தலைமுறை கேட்கும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இந்த மிஷினில் போடும் ஒவ்வொரு ரூபாயும் வீண் என்பது என் கருத்து. கொஞ்சம் கடன் வாங்கியாவது புதுசு எடுங்கள்.

பழைய போர்டு

தம்பி பாண்டி, கடன் வாங்கச் சொல்வது சுலபம். அந்த அம்மா கையில் 5,000 வைத்துக்கொண்டு கேட்கிறார்கள்.

நான் சென்னை ரிச்சி தெருவில் ரொம்ப காலம் போர்டு சர்வீஸ் பார்த்தவன். இப்போது வீட்டோடு இருக்கிறேன். கண் முன்னைப்போல இல்லை, சால்டரிங் கையிலெடுப்பதில்லை, வாய் மட்டும் வேலை செய்கிறது.

தங்கச்சி, முதல் வேலையாக அந்த 16 ஜிபி ரேமை வாங்காதீர்கள். காரணம் அப்புறம் சொல்கிறேன்.

ரேம் போதவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது ரேமா, பிராசசரா, டிஸ்கா என்று பார்த்துவிட்டுச் சொல்பவர் குறைவு. நீங்கள் சொன்ன இரண்டு தொல்லையும் ஒரே நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. டைம்லைன் ஜெர்க் அடிப்பது ஒன்று, ரெண்டரில் மூடிக்கொள்வது வேறொன்று. ரேம் போட்டால் இரண்டாவது தீரலாம். முதலாவது தீராமல் போகலாம். அப்புறம் "அந்தக் கிழவன் பேச்சைக் கேட்டுப் பணம் போச்சு" என்று நீங்கள் திட்டக் கூடாது.

அதனால் இதைச் செய்து பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ஜெர்க் அடிக்கும் ஃபோன் கிளிப்பை ஓட விட்டு சிபியு, அதாவது பிராசசர், எத்தனை சதவீதம், மெமரி எத்தனை என்று எழுதி வையுங்கள். பிறகு ரெண்டர் போட்டு, போட்டோ வரும் இடத்தில் மறுபடி பாருங்கள். மெமரி பக்கத்தில் "கமிட்டட்" என்று ஒரு வரி இருக்கும், சாய்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண். அந்த இரண்டும் எனக்கு வேண்டும். சாதாரணமாக எல்லோரும் பார்ப்பது "இன் யூஸ்" எண்ணை. மூடிக்கொள்வதற்குக் காரணம் தெரிய வேண்டுமானால் கமிட்டட் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அதே பக்கத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்றும் இருக்கும். எச்81 என்றால் 2 ஆஃப் 2 என்று காட்டும் என நினைக்கிறேன். சி டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

மன்னை வீடியோ

அண்ணா, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து பார்த்தேன்.

ஃபோன் கிளிப் ஓடும்போது சிபியு 100 சதவீதம், கீழே இறங்கவே இல்லை. மெமரி 5.6 ஜிபி. கேமரா ஃபுட்டேஜ் ஓடும்போது சிபியு 40 பக்கம்தான் இருக்கிறது, ஜெர்க்கும் இல்லை.

ரெண்டரில் வேறு கதை. போட்டோ வரும் இடத்தில் மெமரி 7.7க்குப் போய் நின்றுவிட்டது, மேலே போக இடமில்லை. கமிட்டட் முதல் எண் ஏறிக்கொண்டே போனது. கடைசியாக நான் பார்த்தபோது 13.6 / 13.9. அதற்கு அடுத்த நிமிடம் பிரீமியர் காணாமல் போனது. சி டிரைவ் ஆக்டிவிட்டி 100 சதவீதத்தில் நின்றது. சி டிரைவில் காலி இடம் 5 ஜிபிகூட இல்லை.

ஸ்லாட் நீங்கள் சொன்னபடி 2 ஆஃப் 2. ஸ்பீடு 1600.

ஃபோன் கிளிப் ஒன்றின் மேல் ரைட் கிளிக் செய்து பிரீமியரில் ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தேன். எச்இவிசி என்று போட்டிருக்கிறது. "வேரியபிள் ஃபிரேம் ரேட் டிடெக்டட்" என்றும் ஒரு வரி இருக்கிறது. இது என்ன?

பழைய போர்டு

இப்படி எண்ணோடு வந்து கேட்பவர்கள் இருந்திருந்தால் நான் இன்னும் கடையை நடத்தியிருப்பேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் ரெண்டர். 24 மெகாபிக்சல் போட்டோ என்றால் 6000க்கு 4000. ஜேபெக்காக டிஸ்கில் அது 8, 10 எம்பிதான் இருக்கும். ஆனால் டைம்லைனில் போட்டதும் பிரீமியர் அதைப் பிரித்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஒரு பிக்சலுக்கு 4 பைட் வைத்தால் ஒரே படம் 96 எம்பி. ஜூமும் கிராஸ் டிசால்வும் போட்டால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று படம் திறந்திருக்கும், அடுத்து வருவதையும் முன்கூட்டியே எடுத்து வைக்கும். 4கே ஃபிரேம் ஒன்றே 33 எம்பி ஆகிறது, நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 800 எம்பிக்கு மேல். விண்டோஸ் தின்றது போக உங்கள் 8 ஜிபியில் மிச்சம் என்ன இருக்கும்?

ரேம் நிரம்பியதும் விண்டோஸ் சி டிரைவில் பேஜ்ஃபைல் என்ற ஃபைலை வளர்த்து அங்கே கொஞ்சத்தை ஒதுக்கும். அதனால்தான் சி டிரைவ் 100 சதவீதத்தில் ஓடியது. ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த மொத்தம்தான் சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் 13.9. சி டிரைவிலும் இடமில்லை, பேஜ்ஃபைல் மேலே வளர வழியில்லை. முதல் எண் அதைத் தொட்டதும் பிரீமியர் மெமரி கேட்டது, விண்டோஸ் இல்லை என்றது, கதை முடிந்தது. ஆக இந்த நோய்க்கு ரேம் மருந்துதான். அதோடு சி டிரைவையும் காலி செய்ய வேண்டும். பிரீமியரில் ப்ரிஃபரன்சஸ், மீடியா கேஷ் என்று போய்ப் பாருங்கள். அது தானாகவே சி டிரைவில் கேஷ் ஃபைலைக் கொட்டிக்கொண்டிருக்கும். எத்தனை கல்யாணத்துக் குப்பை அங்கே கிடக்கிறதோ. அழித்துவிட்டு இடத்தை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றுங்கள்.

இப்போது எந்த ரேம் என்பது. எச்81 போர்டில் இரண்டே ஸ்லாட், மொத்தம் 16 ஜிபிதான் ஏற்கும். ஸ்லாட்டுக்கு 8. பி85, எச்87, இசட்87 போர்டுகளில் நாலு ஸ்லாட் வைத்து 32 வரை போகலாம். உங்களுடையதில் அந்தப் பேச்சே இல்லை. 4ஆம் தலைமுறை இன்டெல் பிராசசரின் மெமரி கண்ட்ரோலருக்கு 16 ஜிபி ஒற்றை டிடிஆர்3 ரேம் எல்லாம் கணக்கிலேயே கிடையாது.

நீங்கள் பார்த்த அந்த மலிவு சரக்கு அநேகமாக சர்வரிலிருந்து கழற்றியது. பெரிய கம்பெனிகள் சர்வரை மாற்றும்போது டன் கணக்கில் வெளியே வரும். ரெஜிஸ்டர்டு ஈசிசி என்பார்கள். ஸ்லாட்டில் அழகாக உட்காரும், அதே 240 பின். ஆனால் சிஸ்டம் ஆன் ஆகாது. இதை வாங்கிக்கொண்டு போர்டு போச்சு என்று அழுதபடி என்னிடம் வந்தவர்கள் உண்டு.

லேபிளைப் படிக்கத் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். பிசி3-12800 என்று இருக்கும், அதன் பின்னால் ஒரு எழுத்து. யு என்றால் டெஸ்க்டாப்புக்கு. ஆர் என்றால் சர்வருக்கு, தொடாதீர்கள். எஸ் என்றால் லேப்டாப் ரேம், அது 204 பின், நீளமே பாதிதான். பிசி3எல் என்று இருந்தால் 1.35 வோல்ட்டில் ஓடுவது, உங்கள் போர்டில் அதுவும் ஓடும், சாதாரண 1.5 வோல்ட்டும் ஓடும். அதற்கு முன்னால் 2ஆர்எக்ஸ்8 என்பதுபோல ஒன்று இருக்கும். அந்தக் கடைசி எண் 8 ஆக இருக்க வேண்டும். 4 என்றிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு வலை இருக்கிறது. "ஏஎம்டிக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் போட்டு 8 ஜிபி ரேம் விற்பார்கள், விலை பாதியாக இருக்கும். அதில் சிப் அடுக்கியிருக்கும் முறையே வேறு. இன்டெல் போர்டு அதை எடுக்காது. படத்தைப் பெரிதாக்கிப் படிக்காமல் காசு கட்டாதீர்கள்.

ஆக, 8 ஜிபி இரண்டு, டிடிஆர்3 1600, ஒரே கம்பெனி, முடிந்தால் ஒரே பார்ட் நம்பர். பழைய இரண்டையும் கழற்றிவிட வேண்டியதுதான். ஒரு 4ஐ மட்டும் எடுத்து ஒரு 8 போட்டாலும் 12 ஜிபியாக ஓடும், ஓடாது என்று சொல்லவில்லை. அப்போது 8 ஜிபி வரைதான் இரண்டு சேனலும், அதாவது ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள இரண்டு பாதையும், சேர்ந்து வேலை செய்யும், மீதி 4 ஒற்றைச் சேனலில் போகும். ஒரு சேனலுக்கு நொடிக்கு 12.8 ஜிபி என்பது கணக்கு, இரண்டும் சேர்ந்தால் 25.6. பணம் இருக்கும்போது எதற்காக அரைகுறையாகச் செய்ய வேண்டும்?

டிடிஆர்3 புதிதாகத் தேடினால் பேர் தெரியாத கம்பெனி சரக்குதான் அதிகம் கிடைக்கும். எனக்கு அதைவிட, பழைய ஆபீஸ் சிஸ்டத்திலிருந்து கழற்றிய நல்ல கம்பெனி ரேம் மேல்தான் நம்பிக்கை. ரேம் சுலபத்தில் தேய்கிற பொருள் இல்லை. ஒரு மாதமாவது மாற்றித் தருவேன் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

மாட்டும்போது: ஸ்விட்சை அணைத்து, பின்னால் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு சில நொடி அமுக்கிப் பிடியுங்கள், தேங்கிய கரண்ட் இறங்கிவிடும். ஸ்லாட்டில் தூசி இருந்தால் பிரஷ்ஷால் தட்டுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். ரேமின் தங்க நிறப் பட்டையை வெள்ளை ரப்பரால் லேசாகத் துடைத்து, ரப்பர் தூளைத் தட்டிவிட்டு மாட்டுங்கள். வெட்டு இருக்கும் பக்கம் பார்த்து, இரண்டு முனையிலும் "டக்" சத்தம் வரும்வரை அமுக்க வேண்டும். பத்தில் ஐந்து "ரேம் எடுக்கலை" கேஸ் சரியாக உட்காராததுதான்.

போர்டில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது 2014இல் போட்டதாகவே இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும்.

ஆன் ஆனதும் எடிட்டிங்குக்கு ஓடாதீர்கள். மெம்டெஸ்ட்86 என்று ரேமைச் சோதிக்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு எர்ரர் காட்டினாலும் ரேமைத் திருப்பிக் கொடுங்கள். "ஒண்ணுதானே, பரவாயில்லை" என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. அந்த ஒன்று என்றைக்கு எந்தக் கல்யாணத்தில் வந்து விழும் என்று சொல்ல முடியாது.

அடுத்து ஃபோன் கிளிப். இதற்கு ரேம் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: சிபியு 100, மெமரி 5.6. எச்இவிசி, அதாவது எச்.265 என்பது வீடியோவை ரொம்ப இறுக்கிச் சுருக்கி வைக்கும் முறை. ஃபோனில் இடம் மிச்சம். பிரிக்கிறவனுக்குத்தான் மூச்சு முட்டும். இன்டெல்லில் இதை முழுதாகப் பிரிக்கும் தனிச் சர்க்யூட் 6ஆம் தலைமுறையில்தான் வந்தது. உங்கள் 750 டிஐயிலும் அது இல்லை. அதனால் நாலு கோரும் சேர்ந்து கைவேலையாகப் பிரிக்கிறது.

ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். வந்த ஃபோன் கிளிப்பை எல்லாம் மொத்தமாக வரிசையில் போட்டு, எச்.264, 1080, "கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்" என்று தேர்ந்தெடுத்து, ஃபிரேம் ரேட்டை உங்கள் டைம்லைனுக்குத் தகுந்தபடி வைத்து மாற்றிவிடுங்கள். நேரம் பிடிக்கும், அது பாட்டுக்கு ஓடட்டும். ஃபோன் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஃபிரேம் ரேட்டைக் கூட்டிக் குறைக்கும், நீங்கள் கேட்ட "வேரியபிள்" என்பது அதுதான். போகப் போக உதடும் குரலும் விலகுவதற்கும் அது காரணமாகும். நீங்கள் கொடுக்கப்போவது ஃபுல் எச்டி என்றால் 4கேயை எதற்காகச் சுமக்க வேண்டும்? 4கேயாகவே வேண்டும் என்றால் பிரீமியரிலேயே கிளிப் மேல் ரைட் கிளிக், ப்ராக்ஸி, க்ரியேட் ப்ராக்ஸீஸ் இருக்கிறது. எடிட் சிறிய ஃபைலில், ரெண்டர் அசலிலிருந்து.

கோவை கேண்டிட்

போர்டு அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் போட்டோ பக்கத்திலிருந்து ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அந்த 24 மெகாபிக்சலை உங்களுக்கு அனுப்பித் தொல்லை கொடுக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஃபுல் எச்டி டைம்லைனுக்கு 6000 பிக்சல் அகலப் படம் எதற்கு? மெதுவாக ஜூம் போக ஒன்றரை மடங்கு போதும். ஃபோட்டோஷாப்பில் ஃபைல், ஸ்க்ரிப்ட்ஸ், இமேஜ் பிராசசர் போய், மொத்த ஃபோல்டரையும் காட்டி, ரீசைஸ் டு ஃபிட் 2880 என்று கொடுங்கள். நூற்றைம்பது படமும் ஒரு டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். 2880க்கு 1920 என்றால் போர்டு அண்ணன் கணக்குப்படி ஒரு படம் 22 எம்பி. 96க்கு 22. ரேம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே செய்து பாருங்கள். அசல் ஃபோல்டரை மட்டும் தொடாமல் வையுங்கள், ஆல்பத்துக்கு அதுதான் வேண்டும்.

இன்னொன்று, பிரீமியரில் ப்ரிஃபரன்சஸ், மெமரி என்ற இடத்தில் "ஆப்டிமைஸ் ரெண்டரிங் ஃபார்" என்று இருக்கும். வழக்கமாக பெர்ஃபார்மன்ஸ் என்று நிற்கும். அதை மெமரி என்று மாற்றிவிட்டு ரெண்டர் போடுங்கள். கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் பெரிய படங்கள் நிறைய இருக்கும் ப்ராஜெக்ட் நடுவில் விழாமல் கரை சேரும். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

பிக்சல் பாண்டி

இமேஜ் பிராசசர் யோசனை நன்றாக இருக்கிறது, எனக்கே தெரியாது. ஆனாலும் சொல்கிறேன், ஆதரவு முடிந்த விண்டோஸ் 10இல் நெட் போட்டு வேலை செய்வது ஆபத்து.

பழைய போர்டு

அது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். எடிட்டிங் சிஸ்டத்தில் பேங்க் வேலையும் மெயிலும் வேண்டாம் தங்கச்சி. நெட் கேபிளைப் பிடுங்கி வைத்து, வேண்டும்போது மட்டும் மாட்டுங்கள். வாடிக்கையாளர் கொண்டு வரும் பென்டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள். கல்யாண வீட்டுப் பென்டிரைவில் வைரஸ் இல்லாமல் நான் பார்த்ததே குறைவு.

மன்னை வீடியோ

எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், என்னைப்போல வேறு யாராவது தேடி வந்தால் உதவும்.

ரேம் வருவதற்கு முன்பே கோவை சகோதரர் சொன்னபடி போட்டோக்களைச் சிறிதாக்கி, மீடியா கேஷை அழித்தேன். கேஷ் மட்டும் 31 ஜிபி இருந்தது! என்றைக்கோ டெலிவரி கொடுத்த கல்யாணங்கள் எல்லாம் சி டிரைவில் குடியிருந்திருக்கின்றன. அன்றைக்கு ராத்திரியே ரெண்டர் விழாமல் முடிந்தது. ஆனால் ரொம்ப மெதுவாகத்தான் போனது, சி டிரைவ் ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு வீட்டுக்காரர் ஒரு வேலையாகச் சென்னை போனபோது 8 ஜிபி இரண்டு வாங்கிவந்தார், 2,600 ரூபாய். லேபிள் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, நான் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் பணம் கொடுத்தார். முதலில் ஒரு கடையில் காட்டியது 12800ஆர். "எல்லாம் ஒண்ணுதான் சார், அடிச்சுச் சொல்றேன்" என்றாராம் அங்கே இருந்தவர். வேண்டாம் என்று சொல்லி அடுத்த கடைக்கு அனுப்பினேன்.

நானே மாட்டினேன். முதலில் பீப் அடித்துத் திரையே வரவில்லை, கை நடுங்கிவிட்டது. அண்ணன் எழுதியதை மறுபடி படித்து, இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன். வந்தது. இரண்டாவதை நன்றாக அமுக்கினேன், ஒரு முனை உட்காராமல் இருந்திருக்கிறது. 16 காட்டியது. பேட்டரியும் மாற்றியாயிற்று. இவ்வளவு நாளாகக் கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்குப் போனதற்குக் காரணம் இப்போதுதான் புரிந்தது. மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியது, எர்ரர் பூஜ்யம்.

இப்போது அதே ப்ராஜெக்ட் ரெண்டரில் மெமரி 11 ஜிபியைத் தாண்டவில்லை. சி டிரைவ் சும்மா இருக்கிறது. ஃபோன் கிளிப் விஷயத்தில் அண்ணன் சொன்னது அப்படியே. 16 ஜிபி போட்ட பிறகும் அசல் கிளிப்பை வைத்தால் அதே ஜெர்க், அதே 100 சதவீதம். ஹேண்ட்பிரேக்கில் மாற்றிப் போட்டால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. இனிமேல் கிளிப் வந்ததும் அதை வரிசையில் போட்டுவிட்டுத்தான் சமையலுக்கே போகிறேன்.

மிச்சப் பணம் 2,400 இருக்கிறது. இதில் கார்டு ஏதாவது மாற்றலாமா அண்ணா? எச்.265 பிரிக்கும் கார்டு பழையதாகக் கிடைக்குமா?

பழைய போர்டு

அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் யாரோ சூட்டில் வதக்கி எடுத்த கார்டு. வாங்காதீர்கள். ஹேண்ட்பிரேக் வழி ஓடுகிறது அல்லவா, ஓட்டுங்கள். அந்தப் பணத்தில் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், சின்னதாக இருந்தாலும் போதும், மீடியா கேஷுக்கும் நடப்பு ப்ராஜெக்டுக்கும். எச்81இல் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் நாலு இருந்தாலும் இரண்டுதான் வேகமானது. பல போர்டுகளில் அதன் பக்கத்திலேயே 6ஜி என்று அச்சடித்திருக்கும், பழைய எஸ்எஸ்டியும் புதுசும் அதில் இருக்கட்டும், ஹார்ட் டிஸ்கை மற்றதற்கு மாற்றுங்கள்.

அடுத்த தை சீசன் முடிந்து கையில் காசு சேர்ந்தால், பாண்டி சொன்ன வழிக்குப் போகலாம். அப்போதும் புதுசு வேண்டாம். 2025 கடைசியிலிருந்து டிடிஆர்4, டிடிஆர்5 ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் புதுச் சிஸ்டத்தில் ரேமுக்கே ஒரு பெரிய தொகை போய்விடும். ஆபீஸில் ஓடிய 8ஆம் தலைமுறை ஐ5 டவர், ரேமோடு சேர்த்துப் பாருங்கள். விண்டோஸ் 11 ஏற்கும், ஃபோன் கிளிப்பையும் அதன் உள் கிராஃபிக்ஸே பிரித்துவிடும். வாங்கும் முன் மூடியைத் திறந்து ரேம் ஸ்லாட் நாலு இருக்கிறதா என்று பாருங்கள். பவர் சப்ளை சாதாரண 24 பின் கனெக்டரா என்றும் பாருங்கள், ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் அந்தக் கம்பெனிக்கே உரிய கனெக்டர் இருக்கும், போனால் மாற்று கிடைக்காது. உங்கள் 750 டிஐ தனிப் பவர் கேபிள் கேட்காத மாடல் என்றால் அதையும் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். டிடிஆர்3 ரேம் மட்டும் அதற்குப் பொருந்தாது.

மன்னை வீடியோ

சரி அண்ணா. கழற்றிய 4 ஜிபி இரண்டையும் பெரியவனின் பழைய சிஸ்டத்தில் போட்டுவிட்டேன், லேபிளைப் பார்த்துத்தான் போட்டேன், 12800யு. எஸ்எஸ்டி வாங்கியதும் 6ஜி போர்ட் எது என்று படம் எடுத்துப் போடுகிறேன், சரியா என்று ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்கள்.